லெஸ்யா வரவேற்ற பஸ்

எங்கள் அணியின் பழைய பஸ்ஸை ஊரில் யாரும் பஸ் என்று சொல்லமாட்டார்கள். ஐஸ்பெட்டி என்றுதான் பெயர். நவம்பரிலேயே ஹீட்டர் செத்துப்போனது. பஸ் ஓட்டுகிற மைரன் அதைப் பிரித்துப் பார்த்து, திட்டி, கம்பி கட்டி, இரண்டு பயணத்துக்கு உயிர் கொடுத்தான். மூன்றாவது பயணத்துக்கு அதுவும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு போய், கம்பளியைச் சுற்றிக்கொண்டே திரும்பி வந்தார்கள். விளையாடும்போதுதான் அவர்களுக்குச் சூடு.

டோப்ராவா மாதிரி ஊரில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வேறு என்ன இருக்கிறது? அறுவடை முடிந்துவிட்டது, வயலெல்லாம் வெள்ளை. சனிக்கிழமை வந்தால் ஊரே ஐஸ் அரங்கில்தான், ஹாக்கி பார்க்க. எங்கள் அணிக்குப் பெயர் கொக்குகள். ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கெல்சன்காரர்களின் அணி காளைகள். கொக்கை மிதித்துவிடுவோம் என்று அவர்கள் கத்துவார்கள், காளை முதுகில் கொக்குதான் உட்காரும் என்று நாங்கள் கத்துவோம். இருபது வயது முடிந்தால் ஆட்டம் முடிந்தது. அதற்குமேல் பெரிய இடத்துக்குப் போகிறவன் நூற்றில் ஒருவன்கூட இல்லை. மற்றவர்கள் தானியக் கிடங்குக்கோ பொட்டாஷ் உரச் சுரங்கத்துக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் இருபது வயதுப் பிள்ளைகள் அந்தக் கடைசி வருஷத்தை ஆடுகிற விதமே வேறு.

மைரன் ஸவட்ஸ்கியின் மகன் மார்க்கோவுக்கு அது கடைசி வருஷம். அவன்தான் கேப்டன். நடக்கப் பழகிய வருஷமே ஸ்கேட் கட்டிக்கொண்டு, எங்கள் அரங்கில் விழுந்து எழுந்து வளர்ந்தவன். கொக்குகள் இறுதி ஆட்டத்துக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்தத் தடவை போயே தீருவோம் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைக்குப் பாதி காரணம் மார்க்கோ. மீதிப் பாதி கோல்கீப்பர் டாசன்.

டாசனுக்குப் பதினேழு வயது. வடக்கே ஏரிக்கரை ஊர்க்காரன். அவன் அம்மா வந்து பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் எங்கள் வீடுகளில்தான் தங்குவார்கள். தங்க வைத்தவள் அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு அம்மா. டாசனுக்கு அமைந்தவள் மார்க்கோவின் அம்மா லெஸ்யா. இரண்டு பையன்களும் நிலவறையில் சோபாவை நகர்த்திவிட்டு, ஒருவன் அடிக்க, ஒருவன் தடுக்க, சுவரெல்லாம் ஓட்டை. லெஸ்யா மேலேயிருந்து தரையை மிதித்துச் சத்தம் போடுவாள்.

அரங்கின் சமையலறை லெஸ்யா கையில். நான் அவளுக்குக் கை ஆள். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறு வேலை இல்லை, வாய்க்கு மட்டும்தான் வேலை. அவள் பெரோஹிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து, உருளைக்கிழங்கு வைத்து மடித்துக் கொடுப்பாள், நான் வேக வைத்து வெங்காயத்தில் புரட்டுவேன். கூபாசா தொத்திறைச்சி வறுப்பதும் உருளை பொரிப்பதும் என் பாடு. ஆட்ட இடைவேளையில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், ஆட்டம் பார்க்க வந்தார்களா தின்ன வந்தார்களா என்று தோன்றும். அணி உயிரோடு இருப்பதே அந்த ஜன்னலில் வருகிற காசால்தான். அது நிர்வாகக் குழுவுக்கும் தெரியும்.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஐஸ்பெட்டி பள்ளத்தில் இறங்கியது. கவிழவில்லை. மைரன் கெட்டிக்காரன், மெல்ல மெல்ல இறக்கிவிட்டான். ஆனால் எஞ்சின் நின்றது நின்றதுதான். காற்று வயல்களிலிருந்து பனியை வாரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது, குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. போனில் சிக்னல் இல்லாத இடம். வியர்வையில் நனைந்த விளையாட்டு உடுப்பை எல்லாம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பஸ்ஸின் நடுவில் ஒரே குவியலாக உட்கார்ந்திருக்கிறார்கள். மார்க்கோ டாசனுடைய காலுறையைக் கழற்றி, அவன் பாதங்களைத் தன் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டானாம். பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. டாசனுக்கு இரண்டு கால்விரல் கறுத்துப் போயிருந்தது. மருத்துவமனையில் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள் மாலை குழுக் கூட்டத்துக்குள் மாவுக் கையோடு நுழைந்துவிட்டாள் லெஸ்யா. நானும் பின்னால் போனேன். இந்த மாதிரிக் காட்சியை நான் விடுவேனா?

"தீசன், இங்க பாருங்க. வேற பஸ் வரணும்" என்றாள் தலைவரைப் பார்த்து.

"காசு எங்கம்மா இருக்கு? வானத்துலேர்ந்தா கொட்டுது?"

"எங்கிருந்து கொட்டினா எனக்கென்ன? அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன், உங்க மகன் விரல் கறுத்துப் போச்சுன்னு. நீங்க பண்ணிப் பாருங்களேன் அப்படியொரு போன்."

"பார்க்கலாம்மா. நேரம் குடு."

"நேரம் குடுத்தா பஸ் முளைச்சா வரும்? வர்ற சனிக்கிழமைலேர்ந்து சமையலறை பூட்டு. பஸ் வந்து வாசல்ல நிக்கட்டும், அன்னிக்குத் திறக்கறேன்."

அந்தக் குழுவில் மைரனும் ஓர் உறுப்பினர். மனைவி பேசப் பேச மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வெளியே வந்ததும் லெஸ்யா மாவுக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். "அதிகமாப் பேசிட்டேனா வெல்மாக்கா?" என்றாள். "கம்மியாத்தான் பேசின" என்றேன். நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

இரண்டு ஆட்டத்துக்குச் சமையலறை பூட்டிக் கிடந்தது. தீசன் சொந்தமாகப் பொட்டலம் கட்டி விற்றுப் பார்த்தார், நாய்கூடச் சீந்தவில்லை. கிறிஸ்துமஸ் போனது. ஜனவரி முதல் வாரத்தில் தீசன் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "சொல்லிடு அவகிட்ட. பஸ் கிடைச்சாச்சு" என்றார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "கெல்சன்ல ரெண்டு பஸ் வச்சிருக்கானுங்க. ஒண்ணு நமக்கு" என்று சொல்லிவிட்டு, எனக்கு மேலே கேள்வி கேட்க இடம் கொடுக்காமல் போய்விட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கெல்சன்காரன் நமக்கு ஒரு கரண்டி உப்பு சும்மா கொடுப்பானா?

லெஸ்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணையும் பிள்ளையையும் வரவேற்கும்போது செய்வதுபோல, ரொட்டியும் உப்பும் வைத்துப் பஸ்ஸை வரவேற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாவைப் பிசைந்து, மூன்று சடையாகப் பின்னி, வட்டமாக வளைத்து, முட்டை தடவிச் சுட்டாள். பூவேலைத் துணியை இஸ்திரி போட்டாள். "இவரு என்னமோ ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. பல்வலியாம்" என்றாள் மைரனைப் பற்றி. "பஸ் வந்தா சரியாயிடும். அந்த ஓட்டை வண்டிய ஓட்டி ஓட்டியே மனுஷன் பாதியாயிட்டார்."

மைரனுக்கு வாயிலே என்ன வலி என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளை வேறு அணிக்கு மாற்றுவது ஜனவரி பத்துக்குள் முடிய வேண்டும். யாரை மாற்றுகிறோமோ அவனுக்குக் கோச் வாயால்தான் முதலில் தெரிய வேண்டும். அதுவரை குழுவில் இருப்பவர்கள் பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடக் கூடாது. கோச் டெனிஸ் திங்கட்கிழமை மார்க்கோவைக் கூப்பிட்டுச் சொல்வது என்று ஏற்பாடு. பஸ்ஸும் திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை புயல் என்று ரேடியோவில் சொன்னதும், கெல்சன்காரர்கள் எங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே பஸ்ஸை ஓட்டி வந்துவிட்டார்கள்.

நீல நிற பஸ். ஜன்னலெல்லாம் சுத்தம். உள்ளேயிருந்து வெப்பம் ஆவியாக வருகிறது. அரங்க வாசலில் பெண்கள், வயதானவர்கள், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் கூடிக் கைதட்டினோம். ஓட்டி வந்தவர் சிவந்த முகமும் பெரிய வயிறுமாக ஒரு சந்தோஷமான கிழவர். பின்னாலேயே ஒரு காரும் வந்து நின்றது. லெஸ்யா துணி விரித்த தட்டில் ரொட்டியையும் உப்பையும் ஏந்திக்கொண்டு படிக்கு நேராகப் போய் நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"நல்லா வந்தீங்க. என் புள்ளைங்களுக்கெல்லாம் நீங்க உயிர் குடுத்த மாதிரி" என்றாள்.

கிழவர் தொப்பியைக் கழற்றி, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். "ஆகா" என்றார். "சரிம்மா, புயலுக்கு முன்னாடி கிளம்பணும். பையனோட பையெல்லாம் எங்க? கார்ல ஏத்திடலாம்."

"எந்தப் பையன்?"

"அதான், உங்க கேப்டன். மார்க்கோ ஸவட்ஸ்கி. இன்னிக்கே கூட்டிட்டுப் போனா நாளைக்கு ஒரு பயிற்சி பண்ணிக்கலாம்."

"மார்க்கோ எதுக்கு உங்ககூட வரணும்?"

கிழவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏம்மா, அவனுக்குப் பதிலாத்தானே இந்த பஸ்ஸு" என்றார்.

லெஸ்யா தட்டைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்படியே ஏந்திக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மார்க்கோ அரங்கிலிருந்து வெளியே ஓடி வந்தான். தலையெல்லாம் ஈரம். எங்களைத் தாண்டிப் பஸ்ஸுக்குள் ஏறி, சீட்டை அமுக்கிப் பார்த்து, ஜன்னலைத் தட்டி, "அம்மா! சும்மா சூப்பரா இருக்கும்மா! உள்ள வா, சட்டையக் கழட்டிட்டு உட்காரலாம் போலிருக்கு!" என்று கத்தினான். யாரும் உள்ளே ஏறவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

கோச் டெனிஸ் கோட்டைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். பின்னால் தீசன். அவருக்குப் பின்னால் மைரன். டெனிஸ் பஸ்ஸுக்குள் ஏறி, மார்க்கோவின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். கண்ணாடி வழியே எங்களுக்கு வாயசைவு மட்டும்தான் தெரிந்தது.

"தீசன்" என்றாள் லெஸ்யா. குரலே இல்லை. "என்ன பண்ணியிருக்கீங்க?"

"லெஸ்யா... நீதானேம்மா கேட்ட" என்றார் அவர். "பஸ் வேணும்னு நீதானே நின்ன? காசு இல்லாம எப்படி வரும்? அவனுங்க கேட்டது மார்க்கோவ மட்டும்தான்."

"என் புள்ளைய... இந்தத் தகர டப்பாவுக்கு?" அவள் மைரன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

மைரன் தலையாட்டினான்.

"நீ வெளிய போயிருப்பே. தன் புள்ளை பேச்சு வந்தா வெளிய போறதுதானே வழக்கம். உள்ள யார்லாம் கை தூக்கினாங்க? சொல்லு. ஒருத்தர் விடாம சொல்லு."

"நான் வெளிய போகல."

"அப்புறம்?"

"மூணுக்கு மூணா நின்னுச்சு" என்றான் மைரன். "ஏழாவது கை என்னோடது. தூக்கினேன்."

பெற்ற அப்பன் கையைத் தூக்கினானா? லெஸ்யா அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

மார்க்கோ படியில் இறங்கி வந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்க்கவில்லை. "ஸ்கேட்டைச் சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன். வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிழவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான். இருபது வயதுப் பையன். டாசன் மட்டும் அவன் பின்னாலேயே ஓடினான்.

அன்றைக்கு மதியம் மார்க்கோ போய்விட்டான். சமையலறையை லெஸ்யா திறந்தாள். "பஸ் வந்தாத் திறக்கறேன்னு வாய விட்டுட்டேனே" என்றாள் என்னிடம், மாவைக் குத்திக்கொண்டே. "வந்துடுச்சே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நாடகமாகப் போட்டால் ஜனம் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைரனோடு லெஸ்யா பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் ஒரே வீடு, ஒரே மேசை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டாசன் வழியாகத்தான். ஒருநாள் நான் போயிருந்தபோது மூன்று பேரும் போர்ஷ் என்கிற பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டாசன், காருக்கு ஹீட்டர் கம்பியக் கரண்டுல சொருகலைன்னு அவர்கிட்ட சொல்லு. காலைல எஞ்சின் உறைஞ்சிருக்கும்."

"மைரன், காருக்குக் கம்பி..."

"சொருகிட்டேன்னு சொல்லு."

"சொருகிட்டாராம் லெஸ்யாம்மா."

"சரி. இன்னும் கொஞ்சம் போர்ஷ் வேணுமான்னு கேளு."

"போதும்னு சொல்லு."

"போதுமாம். எனக்கு வேணும்" என்றான் டாசன்.

பாவம், அந்தப் பையன். ஆட்டத்தில் ரப்பர் வட்டைத் தடுப்பது போதாதென்று வீட்டிலும் இரண்டு பக்கமும் வருவதை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் சாப்பிடும்போது லெஸ்யா பார்த்துக்கொண்டே இருப்பாள். "என் புள்ளைக்கு அங்க எவளோ ஒருத்தி இப்படித்தான் போடுவா. டப்பா சூப்பத் திறந்து ஊத்துவாளோ என்னவோ" என்று என்னிடம் சொல்லுவாள். புதன்கிழமைதோறும் பெரோஹி கட்டி எடுத்துக்கொண்டு கெல்சன் போய் வருவாள். மார்க்கோ அம்மாவோடு பேசுவான். அப்பா பேச்சை எடுத்தால் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

ஊர் சும்மா இருக்குமா? மைரன் பஸ் ஓட்டும் ஆசையில் மகனை விற்றுவிட்டான் என்றார்கள். மார்க்கோவுக்கும் அப்பாவுக்கும் முன்பே ஆகாது என்றார்கள். கொஞ்சம் பேர் மைரன் முதுகில் தட்டி, "நீதான்யா மனுஷன்" என்றும் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் அவன் அதிகம் வெறுத்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் ஒருநாள் உருளைக்கிழங்கு மூட்டையை இறக்க வந்தவனை நான் பிடித்துக்கொண்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்டா மைரன், நீ பாட்டுக்கு எழுந்து வெளிய போயிருக்கக் கூடாதா? உன் தலை போயிருக்குமா?"

மூட்டையை வைத்துவிட்டு நின்றான். "போயிருந்தா?"

"போயிருந்தா மூணுக்கு மூணு. தீசன் தலைவர் ஓட்டுன்னு ஒண்ணு போட்டிருப்பான். உன் கைல அழுக்கு இல்ல."

"அப்போ என் கைல அழுக்கு இருந்திருக்காது வெல்மாக்கா. ஆனா ஊர்ல எல்லார் கைலயும் இருக்கும்" என்றான். "யார் தூக்கினது, யார் தூக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. லெஸ்யாவுக்கும் தெரிஞ்சிருக்காது. தீசன் கடைல நிக்கும்போது, சர்ச்சுல கை குடுக்கும்போது, அறுவடைக்கு ஆள் கேக்கும்போது, இவனா அவனான்னு பார்த்துக்கிட்டே சாகணும். நாங்க இங்கதானே இருக்கப் போறோம்? என் கைன்னா என் கை. அவ என்னை மட்டும் வெறுக்கட்டும்."

"பஸ் வேணாம்னு சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க அன்னிக்கு அந்தப் பள்ளத்துல இல்ல" என்றான். "நான்தான் கண்ணாடில பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தன் தூங்க ஆரம்பிச்சான். தூங்கவிடாதீங்கடான்னு கத்தினேன். அதுக்கப்புறம் மறுபடியும் அந்தப் பெட்டில அவங்கள ஏத்தி ஓட்டச் சொல்றீங்களா? மார்க்கோ ஒருத்தன் போனா எல்லாரும் உயிரோட போய் வரலாம்னா..." மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

இதை நான் லெஸ்யாவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓகோ. நான் ஒருத்தர வெறுத்தாப் போதும்னு கணக்குப் போட்டாராக்கும்" என்றாள். "அதுவும் பக்கத்துல படுத்திருக்கிறவர. சௌகரியமா இருக்கும்னு."

மார்ச் வந்தது. என்ன விதியோ, அரையிறுதியில் கொக்குகளும் காளைகளும். வேறு யாரும் கடவுளுக்குக் கிடைக்கவில்லை. ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டம் கெல்சனில் வந்து நின்றது. ஊரில் பாதி அங்கே போனது. என் காரில் லெஸ்யாவைக் கூட்டிப்போனேன்.

"எந்தப் பக்கம் உட்காரப் போற?" என்று வழியில் கேட்டேன்.

"நம்ம பக்கம்தான்."

"மார்க்கோ..."

"மார்க்கோவுக்கு அந்த ஊரே கத்தும். டாசனுக்கு யார் இருக்கா? அவங்கம்மாவால வர முடியலைன்னு நேத்து போன்ல அழுதா. நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். கழுத்தில் கொக்குகளின் பச்சைத் துண்டைச் சுற்றியிருந்தாள்.

நான் பல ஆட்டம் பார்த்தவள். அன்றைக்கு டாசன் தடுத்த மாதிரி ஒருவனும் தடுத்துப் பார்த்ததில்லை. காளைகள் மந்தையாக வந்தார்கள். படுத்துத் தடுத்தான், பின்பக்கம் திரும்பித் தடுத்தான், ஒரு தடவை முகமூடியாலேயே தடுத்தான். மார்க்கோ தனியாக வந்து அடித்த இரண்டையும் பிடித்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் லெஸ்யா எழுந்து, "என் கண்ணு! அப்படித்தான்டா!" என்று கத்துவாள். எங்களுக்கு இரண்டு கோல், அவர்களுக்கு இரண்டு. நேரம் முடிந்தது. இனி கூடுதல் நேரம். முதல் கோல் போடுகிறவன் இறுதிக்குப் போவான். மற்றவன் வீட்டுக்குப் போவான். நாங்கள் போட்டால், மார்க்கோ இனிமேல் ஸ்கேட் கட்ட வேண்டிய வேலையே இல்லை.

மைரன் எதிர்க்கோடியில், ஓட்டுநர்கள் நிற்கும் வாசல் பக்கத்தில், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். கொக்குகள் படம் போட்ட பச்சைக் கோட்டு.

கூடுதல் நேரம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எங்கள் பையன் ஒருவன் நடுவில் வட்டைத் தவறவிட்டான். மார்க்கோ எடுத்தான். எதிரில் யாரும் இல்லை, டாசன் மட்டும். நிலவறையில் ஆயிரம் தடவை பார்த்த அதே இரண்டு பேர். மார்க்கோ வலப்பக்கம் சாய்ந்தான், டாசனும் சாய்ந்தான், மார்க்கோ இழுத்து இடப்பக்கம் தூக்கிவிட்டான். வலை அசைந்தது.

கெல்சன் அரங்கின் கூரை பிய்ந்துவிடும் போலச் சத்தம். எங்கள் பக்கம் மட்டும் மயான அமைதி. அந்த அமைதியின் நடுவில், என் காதுக்குப் பக்கத்தில், ஒரு குரல்.

"போட்டுட்டான்! என் மகன் போட்டுட்டான்!"

லெஸ்யா பெஞ்சின்மேல் ஏறி நிற்கிறாள். இரண்டு கையும் மேலே. எங்கள் ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கே, சொல்லுகிறேன், பளீரென்று ஒரு அறை விடலாம் என்றுதான் வந்தது. எத்தனை வருஷத்துக் கனவு, அப்போதுதான் செத்துக் கிடக்கிறது, அதன் தலைமாட்டில் நின்று குலவை போடுகிறாளே! அதற்குள் எதிர்க்கோடியில் ஒரு பச்சைக் கோட்டு தெரிந்தது. மைரன். கண்ணாடியைக் கை முஷ்டியால் அடித்துக்கொண்டே, "என் புள்ளடா! என் புள்ள!" என்று அலறிக்கொண்டிருந்தான். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், தங்களை ஓட்டி வந்த மனுஷனை வாயைப் பிளந்து பார்த்தார்கள். டோப்ராவாவிலிருந்து வந்த அத்தனை பேரில் கத்தியது அந்த இரண்டே பேர்.

லெஸ்யா அவனைப் பார்த்தாள். அப்புறம்தான் தன் கை மேலே இருப்பது அவளுக்கே தெரிந்தது. ஐஸில் குப்புறக் கிடந்த டாசன் தலையை நிமிர்த்தி நேராக எங்கள் பக்கம்தான் பார்த்தான். அவள் பெஞ்சிலிருந்து இறங்கி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"என்ன பண்ணிட்டேன்" என்றாள். "அக்கா, அந்தப் புள்ளை பார்க்குது. நான் என்ன பண்ணிட்டேன்."

ஐஸில் இரண்டு அணியும் கை குலுக்கும் வரிசை நகர்ந்தது. மார்க்கோவும் டாசனும் தலையோடு தலை சேர்த்து வரிசையை அடைத்துக்கொண்டு நின்றதைத் தொலைவிலிருந்து பார்த்தோம்.

வெளியே பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் லெஸ்யாவுக்கு வழிவிட்டார்கள், ஆனால் யாரும் அவளோடு பேசவில்லை. தீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினார். மைரன் பஸ்ஸின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பையை அவன் காலடியில் வைத்துவிட்டு, பேசாமல் ஏறினார்கள். அரங்கின் பின்கதவு திறந்தது. மார்க்கோ, நனைந்த சட்டையோடு, காலில் ஸ்கேட்டோடு.

"உள்ள போடா! வேர்த்த உடம்போட இந்தக் குளிர்லயா?" என்று மைரன் கத்தினான்.

"நீயா கத்தினது?" என்றான் மார்க்கோ.

"நான்தான்."

"பஸ் டிரைவர் எதிர் டீமுக்குக் கத்தலாமா?"

"குழு கூடட்டும். கையத் தூக்கிட்டுப் போகட்டும்."

மார்க்கோ சிரிக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை இறுதி ஆட்டம்" என்றான். "இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வராத." கதவு மூடிக்கொண்டது. மைரன் அந்தக் கதவைப் பார்த்தபடியே நின்றான்.

கோல்கீப்பர் கடைசியாகத்தான் வருவான், அவன் உடுப்பு அவ்வளவு. டாசன் இரண்டு பெரிய பைகளை இழுத்துக்கொண்டு வந்தான். ஈரத் தலைமுடி அதற்குள் உறைந்து குச்சி குச்சியாக நின்றது. லெஸ்யா குறுக்கே போய் நின்றாள்.

"டாசன்... நான் வந்து... என் வாயில எப்படி வந்துச்சுன்னே..."

"ரெண்டு பேர் குரலும் கேட்டுச்சு" என்றான் அவன். கண் வீங்கியிருந்தது. "அடுத்த தடவை கத்தறதா இருந்தா, அவன் அடிக்கறதுக்கு முன்னாடி கத்துங்க லெஸ்யாம்மா. எந்தப் பக்கம் வருதுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

அவள் அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஜனவரியிலிருந்து தேக்கி வைத்தது எல்லாம் வந்தது. மைரன் டாசனின் பையைக் கையில் பிடித்தபடி இரண்டடி தள்ளி நின்றான். கிட்டே வரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"டாசன், அவர்கிட்ட சொல்லு" என்றாள். "இந்த பஸ்ல எனக்கும் ஒரு சீட்டு வேணும்னு."

டாசன் இன்னொரு பையைக் கீழே போட்டான்.

"நீங்களே சொல்லுங்க" என்றான். "இன்னிக்கு இனிமே என்னால எதையும் பிடிக்க முடியாது."

அவன் படியேறி உள்ளே போய்விட்டான். லெஸ்யா மைரன் பக்கம் திரும்பினாள்.